91 போதுமா, 5600 வேண்டுமா?

கைப்பேசி இருக்கும்போது கைக்கடிகாரம் எதற்கு என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மேசைவேலை பார்ப்பவர்கள். மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் பக்கம் சில தொழிற்சாலைகளில் உற்பத்திக்கூடத்துக்குள் கைப்பேசியைக் கொண்டுபோக விடமாட்டார்கள். ஸ்மார்ட் வாட்சுக்கும் அதே சட்டம்தான்; லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பினாங்குப் பாலத்தில் கொட்டுகிற மழையில் மோட்டார் ஓட்டி வருகிறவனும் ரெயின்கோட்டுக்குள் கைவிட்டு மணி பார்க்க முடியாது. இவர்களுக்கெல்லாம் கையில் கட்ட இன்றைக்கும் ஒன்று தேவைப்படுகிறது. அது இடிபடவேண்டும், நனையவேண்டும், தொலைந்துபோனால் வயிறு எரியக்கூடாது.

அக்கா மகனுக்கு இப்போது அந்தத் தேவை வந்திருக்கிறது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பகலும் இரவும் மாறி மாறி வரும். பட்டர்வொர்த்திலிருந்து மோட்டாரில் போய்வருகிறான். “மாமா, ஜி-ஷாக் வாங்கட்டா, இல்ல அந்தப் பழைய கேசியோவே போதுமா?” என்று கேட்டான். ஜி-ஷாக்கும் கேசியோ செய்கிற, அடி தாங்கும் வகைதான். சின்னக் கேள்விதான். ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவில் ஐந்தாறு மாடல்கள் நிற்கின்றன. விலையும் நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) தொடங்கி ஐந்நூறு பக்கம் வரை ஏறுகிறது.

கேசியோவின் மாடல் பெயர்களெல்லாம் கார் நம்பர் பிளேட் மாதிரி இருக்கும். அதனால் கடையில் எண்ணை மட்டும் சொல்வதே வழக்கம். நானும் அப்படியே சொல்கிறேன். எஃப்-91டபிள்யூ என்பது 91. அதன் உலோகப் பட்டை உறவுக்காரன் ஏ158டபிள்யூ, அதாவது 158. முழு முகமும் ஒளிரும் எஃப்-105டபிள்யூ, 105. நூறு மீட்டர் நீர்காப்பு உள்ளவை டபிள்யூ-800எச், ஏஇ-1200டபிள்யூஎச் இரண்டும், 800, 1200. ஜி-ஷாக்கில் சதுர முகம் கொண்ட டிடபிள்யூ-5600, அதன் சூரியவொளி வகை ஜிடபிள்யூ-எம்5610.

முதலில் 91. இது 1989-இல் வந்தது. வடிவமைத்தவர் ரியூசுகே மோரியாய். கேசியோவில் அவர் வடிவமைத்த முதல் கடிகாரம் இதுதான். அன்றிலிருந்து இன்றுவரை பெரிதாக எதையும் மாற்றாமல் விற்கிறார்கள். எடை 21 கிராம். தடிமன் 8.5 மில்லிமீட்டர். கட்டியிருப்பதே தெரியாது என்று சொல்வது இதற்குத்தான் பொருந்தும்: நீளக்கைச் சட்டைக்குள் சிக்காது, கையுறை போட்டால் மேடாகத் துருத்தாது, கட்டிக்கொண்டே தூங்கினாலும் உறுத்தாது. உள்ளே ஒரு சிஆர்2016 பேட்டரி. அது ஏழு வருடம் வரும் என்பது கேசியோவின் கணக்கு. பையன் நான்கைந்து வேலை மாறினாலும் பேட்டரி மாறாது.

இவ்வளவு மலிவான பொருள் எப்படி இவ்வளவு தாங்குகிறது என்று யோசித்தால், அதன் உறுதி கவசத்தால் வந்ததல்ல என்பது புரியும். உடைவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. முள் கிடையாது, சுற்றுகிற பல்சக்கரம் கிடையாது. ஒரு குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது; ஒரு சில்லு அதைப் பாதி பாதியாகப் பதினைந்து முறை வகுத்து வினாடி ஆக்குகிறது; திரவப் படிகத் திரை அதைக் காட்டுகிறது. அவ்வளவுதான். 21 கிராம் எடையுள்ள ஒன்று மேசையிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தால் அந்த அடியில் எவ்வளவு பலம் இருக்கப்போகிறது? கண்ணாடியும் கண்ணாடியல்ல, பிளாஸ்டிக். கீறல் விழும், நொறுங்காது. கீறலும் பற்பசையைத் தொட்டு மெல்லிய துணியால் பத்து நிமிடம் தேய்த்தால் பெரும்பாலும் மங்கிவிடும்.

ஜி-ஷாக் நேர் எதிர் வழியில் போன கடிகாரம். கிகுவோ இபே என்ற கேசியோ பொறியாளருக்கு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது அப்பா கொடுத்த கடிகாரம் கீழே விழுந்து உடைந்துபோனது. “விழுந்தாலும் உடையாத கடிகாரம்” என்று ஒரே வரியில் திட்டம் எழுதிக் கொடுத்து, 1981-இல் வேலையைத் தொடங்கினார். இலக்கு மூன்று பத்துகள்: பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் ஓடவேண்டும், பத்து பார் நீரழுத்தம் (நூறு மீட்டர் நீர்காப்புக்குச் சமம்) தாங்கவேண்டும், பேட்டரி பத்து வருடம் வரவேண்டும். மூன்றாம் மாடிக் கழிவறை ஜன்னலிலிருந்து மாதிரிகளைக் கீழே போட்டுப் பார்த்தார்கள். இருநூறுக்கும் மேல் மாதிரிகள் உடைந்தன. கடைசியில் பூங்காவில் ஒரு சிறுமி பந்து தட்டி விளையாடுவதைப் பார்த்தபோதுதான் வழி பிறந்தது. பந்துக்குள் கடிகாரம் மிதந்தால் வெளியடி உள்ளே போகாதல்லவா? இயந்திரத்தை உறைக்குள் சில புள்ளிகளில் மட்டும் தாங்கி நிற்கவைத்து, சுற்றிலும் ரப்பர் போல மென்மையான பாலியூரித்தேன் போர்த்தினார்கள். முதல் ஜி-ஷாக் 1983 ஏப்ரலில் வந்தது. இன்றைய 5600 அதே சதுர முகத்தின் வாரிசு.

கதை அருமை, கடிகாரமும் அருமை. ஆனால் நம் பையன் மூன்றாம் மாடியிலிருந்து எதையும் போடப்போவதில்லை. கட்டுமான வேலை, கப்பல் பட்டறை, லாரிப் பட்டறை என்று நாள் முழுக்கக் கை இரும்பில் மோதுகிற வேலைக்குப் போகிறவனாக இருந்தால், யோசிக்காமல் 5600 வாங்கு என்று சொல்லியிருப்பேன். அதன் கண்ணாடி உண்மையான கனிமக் கண்ணாடி, அதுவும் விளிம்பைவிடச் சற்று உள்வாங்கி இருக்கும். சுவரில் உரசினாலும் விளிம்புதான் அடி வாங்கும். தண்ணீருக்கு 200 மீட்டர். ஆனால் எடை 91-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல், தடிமன் 13 மில்லிமீட்டர் தாண்டும். கையுறையும் மூடிய உடையும் போட்டு வேலை செய்கிறவனுக்கு அந்தத் தடிமன் தினசரித் தொல்லை.

பினாங்கில் மலிவுக் கடிகாரங்கள் எதனால் சாகின்றன என்று கொம்தார் பக்கம் பேட்டரி மாற்றுகிற எந்தத் தவுக்கேயிடமும், அதாவது கடை முதலாளியிடமும், கேட்டுப் பாருங்கள். விழுந்து உடைந்ததைவிட, பட்டை அறுந்ததும் உள்ளே நீர்த்திவலை கட்டியதும்தான் அவர் மேசைக்கு அதிகம் வரும். நம் ஊர் எதிரி வியர்வை, மழை, புழுக்கம். இந்த மூன்றையும் வைத்துத்தான் ஒப்பிடவேண்டும். உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கிற காணொளிகளை வைத்து அல்ல.

பட்டையை எடுத்துக்கொள்வோம். 91-இன் பட்டை மெல்லிய பிளாஸ்டிக். தினமும் வியர்வையில் ஊறினால் சில வருடங்களில் முதலில் ஓட்டைகளின் ஓரத்திலும், பிறகு கடிகாரத்தோடு சேருகிற மடிப்பிலும் மயிரிழை போல விரிசல் விடும். ஒருநாள் மோட்டாரை ஸ்டாண்டில் ஏற்றும்போது சட்டென்று கையை விட்டுப் போய்விடும். மாற்றுப் பட்டை கிடைக்கிறது. ஆனால் அசல் பட்டையும் கூலியும் சேர்ந்தால் கடிகார விலையில் கணிசமான பங்கு ஆகிவிடும். 18 மில்லிமீட்டர் துணிப் பட்டை ஒன்றை நாமே மாட்டிக்கொள்வது சுலபம், மலிவு. ஈரம் சீக்கிரம் காயும் என்பது கூடுதல் லாபம்.

ஜி-ஷாக்கின் பட்டையும் உறையும் இதைவிடத் தடித்தவை. ஆனாலும் சாகாவரம் பெற்றவை அல்ல. பாலியூரித்தேன் ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதையும். பத்திரமாக இருக்கட்டும் என்று அலமாரியில் பத்திருபது வருடம் பூட்டிவைத்த பழைய ஜி-ஷாக்கின் உறை, எடுத்துத் தொட்டதும் பிஸ்கட் போல உதிர்வதைப் பார்த்தவர்கள் இங்கே உண்டு. கட்டிப் பயன்படுத்துங்கள் என்பதைத் தவிர இதற்கு மருந்து கிடையாது.

158 பக்கம் ஒரு பார்வை போதும். பார்க்க அழகு, கல்யாணத்துக்குக் கட்டிப்போகலாம். உள்ளே கிட்டத்தட்ட 91 செய்யும் வேலைகள்தான். உடல் உலோகம் மாதிரி மின்னும், ஆனால் பிளாஸ்டிக்கின் மேல் பூசிய பூச்சு. வியர்வையில் ஓரங்கள் தேயும். மடிப்புத் தகட்டுப் பட்டை கைமுடியைப் பிடுங்கும். தினசரி வேலைக்கு வேண்டாம் என்பேன்.

அடுத்து தண்ணீர். 91-இன் முகத்தில் நீர்காப்பு என்று போட்டிருக்கும், எத்தனை மீட்டர் என்று இருக்காது. அப்படி எண் இல்லாமல் போட்டிருந்தால் மழைத்துளி, முகம் கழுவுவது, கைகழுவுவது ஆகியவற்றுக்குத் தாங்கும் என்று பொருள். அதைக் கட்டிக்கொண்டு நீந்தியவர்கள் எத்தனையோ பேர், பலருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது கடிகாரத்தின் தாராளம். நிறுவனம் கொடுத்த வாக்கு அல்ல. பாலத்தின் மேல் மழையில் போவது 91-க்குப் பெரிய சோதனையல்ல. வாரக்கடைசியில் பத்து ஃபிரிங்கி என்கிற கடற்கரைக்குப் போய்க் கடலில் இறங்குகிறவன் என்றால்தான் 800-ஐயோ 1200-ஐயோ பார்க்கவேண்டும். நூறு மீட்டர் என்று எழுதியிருந்தால் நூறு மீட்டர் ஆழத்துக்கு மூழ்கலாம் என்று அர்த்தமில்லை. நீச்சலுக்குக் கவலைப்படவேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாம். தண்ணீருக்குள் பொத்தானை மட்டும் அழுத்தக்கூடாது. கடலிலிருந்து வந்ததும் குழாய்த் தண்ணீரில் அலசிவிடவேண்டும்.

பையனுக்கு உண்மையிலேயே முக்கியமானது இரவில் மணி தெரிவது. 91 தோற்கிற இடம் இதுதான், அதுவும் நன்றாகவே தோற்கிறது. இடப்பக்க ஓரத்தில் ஒரு குட்டிப் பச்சை விளக்கு இருக்கிறது. அழுத்தினால் அதன் பக்கத்தில் இருக்கும் மணி எண் பளிச்சென்று தெரியும், நிமிடம் மங்கும், வினாடி இருட்டில் போய்விடும். வெளிச்சம் எரிவதும் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான். விடிகாலை ஐந்து மணிக்கு விழித்து, ஒரு கண்ணைத் திறந்து, கையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, அது 5:16-ஆ 5:46-ஆ என்று குழம்புவதற்கு இந்த விளக்கு ரொம்ப வசதி.

105 இந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே பிறந்தது. மின்னொளிப் படலம் திரைக்குப் பின்னால் முழுக்க விரிந்திருக்கும். அழுத்தினால் முகம் முழுவதும் நீலப்பச்சையாய் ஒளிரும். மற்றபடி அதே மெலிவு, அதே ஏழு வருடப் பேட்டரிக் கணக்கு, விலையில் சிறு வித்தியாசம். 91-இன் புகழ் இதற்கு இல்லாததால் எல்லாக் கடையிலும் இருக்காது; கேட்டுத்தான் எடுக்கவேண்டும். ஒன்று சொல்லவேண்டும்: நள்ளிரவில் பலமுறை ஒளிரவைப்பவர்களுக்கு ஏழு வருடம் வராது. எந்தக் கடிகாரத்திலும் விளக்குதான் பேட்டரியைக் குடிக்கிறது.

இரண்டாவது முக்கியம் அலாரம். 91-இல் ஒன்றே ஒன்று. இருபது வினாடி கீச்சிட்டு ஓய்ந்துவிடும், மறுபடி எழுப்பாது. மின்விசிறி ஓடுகிற அறையில், போர்வைக்குள் கை இருந்தால், காதில் விழுமா என்பது சந்தேகம். ஷிப்ட் மாறும்போது நேரத்தை மாற்றிமாற்றி வைக்கவேண்டும், அதில் காலை ஏழுக்குப் பதில் மாலை ஏழு வைத்துவிடுகிற ஆபத்தும் இருக்கிறது. வலப்பக்கம் இருக்கும் ஒரே பொத்தானை அழுத்தினால் 24 மணி நேர முறைக்கு மாறிவிடும். ஷிப்ட்காரர்கள் எல்லாரும் வாங்கிய அன்றே அதைச் செய்துவிடுவது நல்லது.

1200-க்கு ஐந்து அலாரம் உண்டு. பகல் ஷிப்ட்டுக்கு எழ ஒன்று, இரவு ஷிப்ட்டுக்கு எழ ஒன்று, ஓய்வு முடிவதற்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, தேவைப்படுவதை மட்டும் இயக்கலாம். பேட்டரி பத்து வருடக் கணக்கு. நாட்காட்டி 2099 வரை தானாக ஓடும். மேல்மூலையில் குட்டி உலக வரைபடம், 48 நகரங்களின் நேரம். தமிழ்நாட்டில் உறவுக்காரர்கள் இருந்தால் டெல்லி நேரத்தை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள், விடிகாலையில் கூப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுக்கவேண்டாம். எனக்குப் பிடிக்காதது ஒன்று: முகத்தில் வரைபடம், போலி முள் வட்டம் எல்லாம் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் மணி எண்கள் கீழே ஒதுங்கி நிற்கும். ஒரு பார்வையில் மணி தெரிவதில் 91-ஐ இது மிஞ்சாது. தடிமனும் 12.5 மில்லிமீட்டர். 800 இந்த வேடிக்கை ஏதும் இல்லாத பிள்ளை. பெரிய எண்கள், நூறு மீட்டர், பத்து வருடம். பார்க்கக் கொஞ்சம் தடியாக இருக்கும், பேச ஒன்றும் இல்லை. நல்ல பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

91-இன் நாட்காட்டிக்கு வருடம் தெரியாது. பிப்ரவரிக்கு எப்போதும் 28 நாள்தான். அடுத்த லீப் வருடம் 2028. அந்த பிப்ரவரி 29, செவ்வாய்க்கிழமை, 91 கட்டியிருக்கும் எல்லாருக்கும் மார்ச் 1 ஆகியிருக்கும். நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேதியை ஒன்று குறைக்க வேண்டும், அவ்வளவுதான். இதைப் பெருங்குறையாகச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நேரத் துல்லியமும் அப்படித்தான்: மாதத்துக்கு 30 வினாடி கூடவோ குறையவோ போகலாம் என்று கணக்கு, ஜி-ஷாக்குக்கு 15 வினாடி. பஞ்ச் கார்டு அடிக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். எப்படியும் ஐந்து நிமிடம் முன்னால் வைத்துத்தான் கட்டுவான்.

துல்லியம் என்றதும் 5610 ஞாபகம் வருகிறது. சூரியவொளியில் மின்னேற்றிக்கொள்ளும், பேட்டரி மாற்றுகிற தொல்லை பல வருடங்களுக்கு இல்லை. இந்த வெயில் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வசதி இல்லை. ஆனால் அதன் விலையில் ஒரு பங்கு வானொலி அலையால் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வசதிக்கு. அந்த அலையை அனுப்பும் நிலையங்கள் ஜப்பான், சீனா, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் இருக்கின்றன. நமக்குக் கிட்டத்தில் இருப்பது சீனாவின் ஷாங்சியூ நிலையம். கிட்டத்தில் என்றால் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். பினாங்கில் அந்த அலை கிடைக்கும் என்று நம்பி வாங்கக்கூடாது. கிடைக்காத வசதிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து, சூரியவொளிக்காக மட்டும் வாங்குகிறேன் என்றால் சரி.

கையில் கட்டும் ஸ்மார்ட் பேண்ட் இந்தப் பையனுக்கு வாசலிலேயே அடிபட்டுப் போகிறது. அனுமதி இருந்தாலும், ஈரக்கையில் தொடுதிரை படுத்தும் பாட்டை உணவு விநியோகம் செய்யும் பையன்களிடம் கேட்டால் சொல்வார்கள். காசு ரொம்ப இறுக்கமென்றால் சிட்டிசன் நிறுவனத்தின் கியூ அண்ட் கியூ வகைகளில் பத்து பார் நீர்காப்போடு மலிவாகக் கிடைப்பவை உண்டு. பட்டியலில் வைத்துக்கொள்ளலாம்.

என் தீர்ப்பு: பகல்வேலை, பள்ளி, அலுவலகம், கோயில் வேலை என்று போகிற பெரும்பாலோருக்கு 91 போதும், மிச்சக் காசில் குடும்பத்தோடு சாப்பிடலாம். இரும்போடு மல்லுக்கட்டுகிறவருக்கு 5600. கடல், நீச்சல் உண்டென்றால் 800. நம் பையனுக்கு 105. இரவில் மணி தெரியும், கையுறைக்குள் மெலிவாய்க் கிடக்கும், மழை தாங்கும். எழுப்புவதற்குக் கைப்பேசியின் அலாரம் வீட்டில் இருக்கிறது. அந்த வேலையைக் கடிகாரத்திடம் கேட்கவேண்டாம். ஜி-ஷாக் ஆசை இருந்தால் அது ஆசை என்றே வைத்துக்கொண்டு ஆண்டிறுதி போனஸ் வரும்வரை காத்திருக்கட்டும். அதில் தப்பில்லை, நூறு வெள்ளிக் கடிகாரம் செய்யாத எதையும் ஐந்நூறு வெள்ளிக் கடிகாரம் அவனுக்குச் செய்யப்போவதில்லை என்று தெரிந்தால் போதும்.

வாங்கும்போது இரண்டு விஷயம். பசார் மாலாம் என்ற இரவுச்சந்தை மேசையில் 91-ஐ இருபது வெள்ளிக்குக் கொடுத்தால் அது 91 அல்ல. வலப்பக்கப் பொத்தானை மூன்று வினாடி அழுத்திப் பிடித்தால் திரையில் கேசியோ என்ற பெயர் வரவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சோதனை. போலி செய்கிறவர்களுக்கும் அது தெரிந்துவிட்டதால், பெயர் வராவிட்டால் போலி, வந்தால் அசல் என்று சொல்லமுடியாது. உத்தரவாத அட்டை தருகிற கடையில் வாங்குவதே உத்தமம்.

இன்னொன்று, பல வருடம் கழித்துப் பேட்டரி மாற்றும்போது. பின்மூடியின் நான்கு திருகாணிகளைக் கழற்றினால் உள்ளே ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும். அது நசுங்காமல், பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தவுக்கேயைப் பார்க்கச் சொல்லுங்கள், கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். அவசரத்தில் வளையம் முறுக்கிக்கொண்டு மூடப்பட்ட கடிகாரம், அடுத்த மழையிலேயே கண்ணாடிக்குள் ஆவி கட்டும்.